கொடுக்கில்லா எறும்புகள்: வகைப்பாடும் அடையாளங்களும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேள் கொட்டும், குளவி கொட்டும், எறும்பு கடிக்கும். நம் மொழி வினைச்சொல்லை இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் எறும்பு குளவியின் வழியில் வந்த பூச்சி. பல ஆயிரம் எறும்பினங்கள் வயிற்றின் நுனியில் உள்ள கொடுக்கால் உண்மையிலேயே கொட்டுகின்றன. 'கடிக்கும்' என்ற சொல் முழுக்கப் பொருந்துவது கொடுக்கை இழந்துவிட்ட எறும்புகளுக்குத்தான். எறும்புகளை அடையாளம் காணத் தொடங்குபவர்கள் இவற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கொடுக்கில்லா எறும்புகள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

எறும்புகள் எல்லாமே ஃபார்மிசிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அதில் 14,000க்கும் மேற்பட்ட இனங்களுக்கு இதுவரை அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள். குடும்பத்துக்குள் துணைக்குடும்பம், அதற்குள் குலம், பிறகு பேரினம், இனம் என்று வரிசை இறங்கும். துணைக்குடும்பங்களில் இரண்டு பெரியவை கொடுக்கைக் கைவிட்டவை. ஒன்று ஃபார்மிசினே, இதில் 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மற்றொன்று டோலிகோடெரினே, இதில் 700க்கும் மேற்பட்டவை உள்ளன. பெரிய கட்டெறும்புகளும், மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறும் ஃபார்மிசினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தப் பக்கம் பெரும்பாலும் இவற்றைப் பற்றியதே. டோலிகோடெரினே ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வந்துபோகும்.

அப்படியென்றால் இரண்டும் நெருங்கிய உறவா?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டி.என்.ஏ. ஒப்பீட்டின்படி டோலிகோடெரினேவுக்கு மிக நெருங்கிய உறவு அனியூரெட்டினே. இந்தத் துணைக்குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது ஒரே ஓர் இனம்: இலங்கையின் மழைக்காடுகளில் வாழும் அனியூரெட்டஸ் சைமோனி. அதற்குக் கொடுக்கு இருக்கிறது! அந்த இரண்டுக்கும் அடுத்த நிலை உறவினர்கள், வலிக்க வலிக்கக் கொட்டுவதற்குப் பேர்போன ஆஸ்திரேலியக் காளை எறும்புகளும், மரக்கிளைகளில் வாழும் மெல்லிய சூடோமிர்மெசினே எறும்புகளும். ஃபார்மிசினேவின் நெருங்கிய உறவுகளோ வேறு பக்கத்தில் இருக்கின்றன. அவை மிர்மிசினே, எக்டடோமினே ஆகிய துணைக்குடும்பங்கள். அந்த இரண்டிலும் கொட்டும் எறும்புகள் ஏராளம்.

கொடுக்கை இழந்தது ஒரே மூதாதையிடம் ஒருமுறை நடந்ததன்று. இரண்டு வம்சங்களில் தனித்தனியாக நடந்தது. ஆகவே 'கொடுக்கில்லா எறும்பு' என்பது ஒரு குடும்பப் பெயர் அல்ல. உடலின் ஒரு நிலையைச் சொல்லும் பெயர். பறக்கிறது என்பதற்காக வௌவாலைப் பறவையோடு சேர்க்க முடியாததைப் போல, கொடுக்கு இல்லை என்பதற்காக இவை இரண்டையும் ஒரே வம்சமாக்க முடியாது. இல்லாத உறுப்பை வைத்து வகை பிரிப்பதைவிட, அந்த இடத்தில் இப்போது இருப்பதை வைத்துப் பிரிப்பதே சரி.

கொடுக்கு இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?

ஃபார்மிசினே எறும்பின் வயிற்று நுனியில் வட்டமான ஒரு சிறு துளை இருக்கிறது. அமிலத்துளை என்று இதைச் சொல்லலாம். வயிற்றின் அடிப்பக்கத்துக் கடைசித் தகடு குழாய்போலச் சுருண்டு உண்டாக்கிய வாய் இது. பல இனங்களில் அது சற்றே நீண்டு மூக்குப்போலத் துருத்தி நிற்கும். விளிம்பில் குட்டையான மயிர்கள் வளையமாக அமைந்திருக்கும். நச்சுச் சுரப்பியில் ஊறும் ஃபார்மிக் அமிலம் இதன் வழியாகத்தான் பீய்ச்சப்படுகிறது. ஊசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தெளிப்பானைப் பொருத்தியதைப் போன்ற அமைப்பு.

இந்தத் துளை ஒன்றே ஃபார்மிசினேவின் முத்திரை. வேறு எந்தத் துணைக்குடும்பத்திலும் இது கிடையாது. ஒரு வேலைக்கார எறும்பிடம் இதைக் கண்டுவிட்டால், வேறு எதையும் பார்க்காமலே துணைக்குடும்பத்தைச் சொல்லிவிடலாம்.

டோலிகோடெரினேவில் அந்த இடத்தில் வட்டத்துளைக்குப் பதிலாகக் குறுக்கே ஒரு பிளவு இருக்கும். மயிர் வளையமும் இருக்காது. கொடுக்கின் மிச்சம் மிகச் சிறியதாக உள்ளே ஒடுங்கியிருக்கும். இவை ஃபார்மிக் அமிலம் தயாரிப்பதில்லை. இவற்றின் காப்பு, வயிற்றின் பின்முனையில் மேற்புறம் உள்ள வேறொரு சுரப்பியிலிருந்து வருகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆகஸ்ட் ஃபோரல், நச்சு உறுப்புகளை அறுத்துப் பார்த்து 1878இல் டோலிகோடெரினேவைத் தனிக் குழுவாகப் பிரித்தார். டி.என்.ஏ. என்ற சொல்லே இல்லாத காலத்தில், வெறும் உடற்கூற்றைக் கொண்டு அவர் போட்ட கோடு இன்றும் நிலைத்திருக்கிறது. எறும்பியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செயல்களில் இதுவும் ஒன்று.

கொட்டவில்லை என்றால் கடித்த இடம் ஏன் எரிகிறது?

கடி ஒன்று, அமிலம் ஒன்று என இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. எறும்பு முதலில் தாடைகளால் தோலைக் கவ்வுகிறது. பிறகு வயிற்றை வளைத்து, கவ்விய இடத்தில் அமிலத்தை விடுகிறது. தோலில் ஏற்பட்ட சிறு கீறலில் அமிலம் படுவதால் எரிச்சல் உண்டாகிறது. ஊசி உள்ளே இறங்காததால், கொட்டும் எறும்புகளின் நச்சைப்போல இது ஆழத்துக்குப் போவதில்லை. எரிச்சலும் பெரும்பாலும் சீக்கிரம் தணிந்துவிடும். கண்ணில் பட்டால் மட்டும் விளையாட்டில்லை. உடனே நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

ஃபார்மிக்கா பேரினத்துக் காட்டெறும்புகளின் நச்சுப் பையில் அமிலத்தின் செறிவு 60 சதவீதம் வரைகூட இருக்கும். இவ்வளவு அமிலத்தைச் சுமந்தும் எறும்பு வெந்துபோகாததற்குக் காரணம், அது சேமிக்கப்படும் பையின் உட்சுவர் அதன் மேல்தோலைப் போலவே கெட்டியான படலத்தால் ஆனது. செரின், கிளைசின் ஆகிய அமினோ அமிலங்களிலிருந்து சுரப்பி ஃபார்மிக் அமிலத்தைத் தயாரித்துப் பைக்கு அனுப்புகிறது.

வேதியியலில் இந்த அமிலத்தின் பெயரே எறும்பிடமிருந்து வந்ததுதான். லத்தீனில் ஃபார்மிக்கா என்றால் எறும்பு. ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரே, 17ஆம் நூற்றாண்டில் ஏராளமான எறும்புகளை வாலையில் இட்டு வடித்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார்.

கையில் உள்ள எறும்பு கொடுக்கில்லாததா என்று எப்படிப் பார்ப்பது?

இடுப்பிலிருந்து தொடங்குங்கள். எறும்பின் நெஞ்சுப் பகுதிக்கும் பருத்த வயிற்றுக்கும் நடுவே மெல்லிய இடுப்பு இருக்கிறது. அதில் ஒரு கணுவா, இரண்டு கணுக்களா என்று எண்ணுங்கள். இரண்டு இருந்தால் அது ஃபார்மிசினேவும் அல்ல, டோலிகோடெரினேவும் அல்ல. அனேகமாக மிர்மிசினேவாக இருக்கும். ஒரே கணு இருந்தால் கொடுக்கில்லாததாக இருக்க வாய்ப்பு உண்டு.

'வாய்ப்பு உண்டு' என்று நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. போனெரினே என்ற துணைக்குடும்பத்துக்கும் இடுப்பில் ஒற்றைக் கணுதான். அவை நன்றாகவே கொட்டும். அவற்றை விலக்க வயிற்றின் மேற்பரப்பைப் பாருங்கள். போனெரினேவில் பெரும்பாலும் வயிற்றின் முதல் வளையத்துக்கும் இரண்டாம் வளையத்துக்கும் இடையே கயிறு கட்டி இறுக்கியதுபோல ஓர் ஒடுக்கம் தெரியும். ஃபார்மிசினேவிலும் டோலிகோடெரினேவிலும் அந்த ஒடுக்கம் இருக்காது. வயிறு ஒரே வழவழப்பாகப் போகும். பிறகு நுனியைப் பாருங்கள்: வட்டத்துளையா, பிளவா? பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். ஒன்றரை மில்லிமீட்டர் எறும்புகளுக்கு மட்டும் நுண்ணோக்கி தேவைப்படும்.

மூக்கும் ஒரு கருவி. டாபினோமா என்ற டோலிகோடெரினே பேரினத்தின் எறும்பை விரலால் நசுக்கினால் தூக்கலான ஒரு வாடை வரும். அமெரிக்காவின் டாபினோமா செசைல் இனத்தின் வாடை, நீலப் பூஞ்சைப் பாலாடைக் கட்டியின் வாடையேதான் என்று 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது; இரண்டிலும் இருப்பவை ஒரே வகை கீட்டோன் சேர்மங்கள். ஃபார்மிசினேவிடம் அந்த வாடை இல்லை. புளித்த, மூக்கைச் சுரீரென்று தாக்கும் அமில நெடி வரும்.

வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடும் இதய வடிவ வயிற்றெறும்பும் கொட்டுவதில்லையே, அது இந்தக் கூட்டமா?

அது கிரெமாடோகாஸ்டர். இடுப்பில் இரண்டு கணுக்கள் இருப்பதால் மிர்மிசினே. கொடுக்கு அதற்கு இருக்கிறது. ஆனால் நுனி தட்டையாகிக் கரண்டிபோல ஆகிவிட்டது. குத்துவதற்குப் பதில் நச்சை எதிரியின் மேல் தடவுவதற்கு அதைப் பயன்படுத்துகிறது. கொட்டாத எறும்பெல்லாம் கொடுக்கில்லா எறும்பு அல்ல என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆண் எறும்புகளிடமும் இந்தத் துளை இருக்குமா?

இருக்காது. கொடுக்கு என்பதே முட்டையிடும் குழலிலிருந்து மாறி வந்த உறுப்பு. அதனால் எந்த எறும்பினத்திலும் ஆணுக்குக் கொடுக்கு கிடையாது. மேலே சொன்னவை எல்லாம் வேலைக்கார எறும்புக்கும் ராணிக்கும் மட்டுமே பொருந்தும்.

ஃபார்மிசினேவை உள்ளுக்குள் எப்படிப் பிரித்திருக்கிறார்கள்?

இப்போது பரவலாகப் பின்பற்றப்படுவது, வார்டு, பிளைமர், ஃபிஷர் ஆகிய மூவர் டி.என்.ஏ. சான்றைக் கொண்டு 2016இல் வெளியிட்ட வகைப்பாடு. அதில் 11 குலங்கள். அளவில் அவை கொஞ்சமும் சமமானவை அல்ல.

காம்போனோட்டினி என்ற குலம் ஒன்றே மொத்தத்தில் பாதிக்கும் மேல் விழுங்கிவிடும். காம்போனோட்டஸ் பேரினத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான இனங்கள். பாலிராக்கிஸில் ஏறக்குறைய 700. மறுமுனையில் ஜைகான்டியோப்பினி குலத்தில் இன்று வாழ்வது ஒரே இனம்: தென் அமெரிக்காவில் வாழும், தலையில் பாதியைக் கண்களே நிரப்பிய, தாவிச் செல்லும் ஓர் எறும்பு. சான்ட்ஷியெல்லினியிலும் ஒரே இனம்தான். அது மத்திய ஆப்பிரிக்காவில் இருக்கிறது. மிர்மோடெரட்டினியில் மிர்மோடெராஸ் என்ற ஒரே பேரினம். நீண்ட தாடைகளை அகல விரித்து வைத்து, இரை தொட்டதும் பொறிபோல மூடிக்கொள்ளும்.

ஃபார்மிசினி குலத்தில் ஊசியிலைகளை மேடாகக் குவித்துக் கூடு கட்டும் ஃபார்மிக்கா, பாலைவனத்துக் கொதி மணலில் ஓடும் கேட்டாக்ளிஃபிஸ், பிற எறும்புகளின் கூட்டுப்புழுக்களைக் கவர்ந்து வந்து வேலைக்கு வைத்துக்கொள்ளும் பாலியெர்கஸ் ஆகியவை உள்ளன. லாசியினி, மெலோஃபோரினி, பிளேஜியோலெபிடினி, மிர்மெலகிஸ்டினி, ஈக்கோஃபில்லினி, ஜெசோமிர்மெசினி ஆகியவை மற்றவை. டோலிகோடெரினேவின் பிரிவு எளிது: 2010 முதல் நான்கே குலங்கள்.

கட்டெறும்பை எப்படி உறுதிப்படுத்துவது?

கட்டெறும்பின் பேரினமான காம்போனோட்டஸுக்கு மூன்று அடையாளங்கள். உணர்கொம்பு தலையில் பொருந்தும் குழி, வாய்க்கு மேலுள்ள முகத்தகட்டின் விளிம்பிலிருந்து விலகி இருக்கும். வேறு பல பேரினங்களில் அது விளிம்பை ஒட்டியே இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் நெஞ்சுப் பகுதியின் முதுகு, இடையில் பள்ளமில்லாமல் ஒரே வில்லாக வளைந்திருக்கும் (சில இனங்கள் விதிவிலக்கு). மூன்றாவது, இல்லாத ஒன்று: பின்னங்கால் உடலோடு சேரும் இடத்துக்கு மேலே எறும்புகளுக்கே உரிய ஒரு சுரப்பியின் வாய் இருக்கும். எறும்பை மற்றப் பூச்சிகளிலிருந்து பிரிக்கும் அடையாளமே அந்தச் சுரப்பிதான். பெரும்பாலான காம்போனோட்டஸ் இனங்களில் அது மறைந்துவிட்டது.

ஒரே கூட்டில் சிறியதும் பெரியதும், ஆனைத்தலை வைத்தது போன்றதும் கலந்து திரிவதைப் பார்த்து, இரண்டு இனங்கள் சேர்ந்து வாழ்வதாகப் பலர் நினைக்கிறார்கள். எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். அளவை வைத்து இனத்தைச் சொல்லாதீர்கள்.

பாலிராக்கிஸ் இதன் நெருங்கிய உறவு. நெஞ்சிலும் இடுப்புக் கணுவிலும் முட்கள் இருக்கும். சில இனங்களில் அவை தூண்டில் முள்போல வளைந்திருக்கும். வயிற்றின் முதல் வளையம் மட்டுமே வயிற்று நீளத்தில் பாதியோ அதற்கு மேலோ வந்துவிடும். முட்களைவிட இந்த அளவே நம்பத்தகுந்த அடையாளம். ஏனென்றால் முள் வைத்த எறும்புகள் வேறு துணைக்குடும்பங்களிலும் நிறைய.

காம்போனோட்டினி குலத்து எறும்புகளின் குடல் செல்களுக்குள் பிளாக்மேனியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. எறும்புக்குத் தேவையான அமினோ அமிலங்களைத் தயாரித்துத் தருவது அதன் வேலை.

முசுறுக்கு ஏன் தனிக் குலம்?

முசுறின் பேரினம் ஈக்கோஃபில்லா. உலகம் முழுக்க அதில் இன்று உயிரோடிருப்பவை இரண்டே இனங்கள். ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழ்வது ஈக்கோஃபில்லா ஸ்மாராக்டினா; டென்மார்க் பூச்சியியலாளர் ஃபேப்ரிசியஸ் 1775இல் பெயரிட்டார். ஆப்பிரிக்காவில் வாழ்வது ஈக்கோஃபில்லா லாஞ்சினோடா. புதைபடிவமாகக் கிடைத்த இனங்களோ பத்துக்கும் மேல். ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் இருந்திருக்கிறது.

மற்ற ஃபார்மிசினேக்களின் இடுப்புக் கணு பெரும்பாலும் செதில்போல நிமிர்ந்து நிற்கும். முசுறின் கணு நீண்டு தாழ்ந்திருக்கும். அதனால் வயிற்றை முதுகுக்கு மேலாகவே மடக்கித் தூக்க அதற்கு முடிகிறது. வேலைக்காரிகளிலும் இரண்டு தெளிவான அளவுகள்: பெரியவை வெளிவேலைக்கும் காவலுக்கும், சிறியவை பெரும்பாலும் குஞ்சுகளைப் பராமரிக்கவும்.

இலைகளைத் தைக்கும் நூல் முசுறுடையது அல்ல, அதன் புழுவுடையது. வேலைக்காரி எறும்பு புழுவை வாயில் பிடித்து, நெய்தல் தறியின் நாடாவைப்போல இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக ஆட்டுகிறது. தனக்குக் கூடு நெய்ய வேண்டிய பட்டு நூலை அந்தப் புழு ஊருக்கே கொடுத்துவிடுகிறது. அதனால்தான் முசுறின் கூட்டுப்புழு பட்டுறை இல்லாமல் வெறும் உடம்போடு இருக்கிறது. பாலிராக்கிஸிலும் காம்போனோட்டஸிலும் சில இனங்கள் இதே வித்தையைத் தனியாகக் கற்றுக்கொண்டிருக்கின்றன. ஆகவே நெய்யும் எறும்பெல்லாம் முசுறு அல்ல.

எறும்பு தூக்கிச் செல்லும் வெள்ளை 'முட்டை' எதையாவது சொல்லுமா?

நிறையவே சொல்லும். அரிசிபோலத் தெரிவது பெரும்பாலும் முட்டை அல்ல, கூட்டுப்புழு. அது பட்டுறைக்குள் மூடியிருந்தால் டோலிகோடெரினேவும் மிர்மிசினேவும் அல்ல. அந்த இரண்டிலும் கூட்டுப்புழு எப்போதும் உறையின்றியே இருக்கும். ஃபார்மிசினேவில் உறை இருப்பதே வழக்கம். ஆனால் முசுறுபோல விலக்குகள் உண்டு.

கிறுக்கெறும்புகள் எல்லாம் ஒன்றா?

திசை தெரியாததுபோலக் கோணல்மாணலாக ஓடுவதால் வைத்த பெயர் அது. வகைப்பாட்டில் அதற்கு மதிப்பில்லை. கருப்புக் கிறுக்கெறும்பு பாராட்ரெக்கினா லாஞ்சிகார்னிஸ், லாசியினி குலம். உணர்கொம்பில் 12 கணுக்கள். மஞ்சள் கிறுக்கெறும்பு அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ், பிளேஜியோலெபிடினி குலம். உணர்கொம்பில் 11 கணுக்கள். இந்த ஒரு கணு வித்தியாசத்தை எண்ணிவிட்டால் குழப்பமே வராது. இரண்டாவதுதான் கிறிஸ்துமஸ் தீவில் பெருங்கூட்டங்களாகப் பெருகி, அங்கே புகழ்பெற்ற சிவப்பு நண்டுகளை அமிலம் தெளித்தே பெருந்திரளாகக் கொன்றது.

கொடுக்கை இழந்தது பலவீனம் இல்லையா?

நண்டைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். நெருப்பெறும்போடு நடக்கும் சண்டையையும் பாருங்கள். தென் அமெரிக்காவிலிருந்து அமெரிக்காவின் தென்பகுதிக்கு வந்து பரவிய நைலாண்டெரியா ஃபுல்வா என்ற ஃபார்மிசினே, கொடிய கொடுக்குள்ள நெருப்பெறும்பை அதன் இடத்திலிருந்தே விரட்டுகிறது. 2014இல் வெளிவந்த ஆய்வு காரணத்தைக் காட்டியது: நெருப்பெறும்பின் நச்சு மேலே பட்டதும் இது வயிற்றை வளைத்து, தன் ஃபார்மிக் அமிலத்தை வாயில் எடுத்து உடம்பெங்கும் பூசிக்கொள்கிறது. நச்சு செயலிழக்கிறது. ஆய்வாளர்கள் அமிலத்துளையை நகப்பூச்சால் அடைத்தபோது ஏறக்குறைய பாதி எறும்புகள் இறந்தன. அடைக்காதவை அனேகமாக எல்லாமே பிழைத்தன.

போருக்கு மட்டும் அல்ல, மருந்துக்கும் அதே அமிலம்தான். காம்போனோட்டஸ் எறும்புகள் உணவு உண்டபின் நுனியை நக்கி அமிலத்தை விழுங்குகின்றன. இரைப்பை புளிப்பேறி, உணவோடு வந்த கிருமிகள் மடிகின்றன. ஐரோப்பியக் காட்டெறும்புகள் மரப்பிசினைக் கூட்டுக்குள் கொண்டுவந்து, அதன்மேல் அமிலம் சேர்த்துப் பூஞ்சையை ஒடுக்குகின்றன. கொட்டும் நச்சு ஊசி முனையோடு நின்றுவிடும். தெளிக்கும் அமிலத்தை எதிரிமீதும், தன்மீதும், குஞ்சுகள்மீதும், வீட்டின்மீதும் பயன்படுத்தலாம்.

இந்தத் துளை எவ்வளவு பழையது?

அமெரிக்காவின் நியூஜெர்சியில் கிடைத்த, ஏறக்குறைய 9.2 கோடி ஆண்டுப் பழமையான அம்பருக்குள் (கல்லாக இறுகிய மரப்பிசின்) ஓர் எறும்பு இருந்தது. 2000ஆம் ஆண்டில் அதற்குக் கைரோமிர்மா நெஃபி என்று பெயர் வைத்தார்கள். டைனோசர்கள் நடமாடிய காலத்து அந்த எறும்பின் வயிற்று நுனியில் அமிலத்துளை தெளிவாகத் தெரிகிறது.

பெயர்கள் ஏன் அடிக்கடி மாறுகின்றன? பழைய நூலில் ஒன்று, புதிய நூலில் வேறு.

வெளித்தோற்றம் ஏமாற்றும் என்பதால். காம்போனோட்டஸ் நீண்ட காலம் ஒரு பெரிய மூட்டையாக இருந்தது. கட்டெறும்பின் சாயல் இருந்தால் அதில் போட்டுவிடுவார்கள். 2016இல் டி.என்.ஏ. சான்றின்படி கோலோபாப்சிஸ் தனிப் பேரினமாக மீட்கப்பட்டது. தட்டையான தலையால் கூட்டின் வாசலை அடைக்கும் எறும்புகளும், ஆபத்தில் தன் வயிற்றையே வெடித்துப் பிசினால் எதிரியை ஒட்டிவிடும் எறும்புகளும் இதில் சேர்ந்தன. தென்கிழக்கு ஆசியாவின் மாபெரும் காட்டெறும்பு காம்போனோட்டஸ் ஜைகாஸ் என்பதிலிருந்து டைனோமிர்மெக்ஸ் ஜைகாஸ் ஆனது. டோலிகோடெரினேவில், உலகமெங்கும் பரவிய அர்ஜென்டினா எறும்பு 1992இல் இரிடோமிர்மெக்ஸிலிருந்து லைனெபிதீமாவுக்கு மாறியது.

எனவே உங்கள் குறிப்பேட்டில் பெயரை மட்டும் எழுதி வைக்காதீர்கள். இடுப்பில் கணு எத்தனை, உணர்கொம்பில் எத்தனை, நுனியில் வட்டமா பிளவா, கூட்டுப்புழு உறையோடா உறையின்றியா என்று எழுதுங்கள். நாளைக்குப் பெயர் மாறினாலும், அந்தக் குறிப்பைக் கொண்டு எறும்பைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம்.